பனிக்குள் கேட்ட எக்காளம்

அந்த மழைக் கிழமையில் பாஸ்டர் சசிகரன் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போயிருந்தார். அங்கே அவருடைய சபையைச் சேர்ந்த வயதானவர் ஒருவர் மூச்சுத் திணறலோடு படுத்திருந்தார். அவருக்காக ஜெபிக்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம் மழை ஓய்ந்து பனிமூட்டம் இறங்கியது. இன்னும் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"வீட்டுல தேடுவாங்க. போன்லயும் சிக்னல் இல்ல" என்று சொல்லிவிட்டு, சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் இறங்கத் தொடங்கினார்.

அவர் குடியிருந்த லயத்து வீட்டு வரிசை எல்கடுவைக்கு மேலே, மலைச் சரிவில் இருந்தது. அப்பா வடக்கிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குக் கிளாக்கராக வந்தவர். சசிகரன் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தேயிலைக்குள்தான். இளவயதில் நன்றாகக் குடித்தார். இரத்தோட்டையில் நடந்த ஒரு சுவிசேஷக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவர், அங்கே அழுதுகொண்டே முழங்காலில் விழுந்தார். பிறகு ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தார், மாத்தளையில் பார்த்த அரசாங்க வேலையை விட்டார், லயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுச் சபையை ஆரம்பித்தார்.

அவர் பிரசங்கம் செய்தது சிக்கலானது அல்ல. எல்லாரும் பாவிகள். நல்ல காரியம் செய்து செய்து யாரும் பரலோகத்துக்கு ஏறிவிட முடியாது. நமக்குரிய தண்டனையை இயேசு சிலுவையில் ஏற்றுக்கொண்டார், செத்தார், உயிரோடு எழுந்தார். அதை நம்பி அவரிடம் வருகிறவன் புதிதாகப் பிறக்கிறான். அந்த இயேசு எக்காளம் தொனிக்கத் திரும்ப வருவார், நினையாத நேரத்தில் தம்முடையவர்களை எடுத்துக்கொள்வார்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போதுதான் அவருடைய குரல் உயரும். "அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டு இருக்கும். இறக்கி வைக்க ஆளிருக்காது. நீங்க அப்ப எங்க இருப்பீங்க?" என்று கேட்பார். பிள்ளைகள் தாய்மாரோடு ஒட்டிக்கொள்ளும்.

பாதையில் பாதித் தூரம் வந்திருப்பார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

அது வேலைக்கு ஊதும் தோட்டத்துச் சங்கு இல்லை. அந்தச் சங்கைப் பிறந்ததிலிருந்து கேட்டவர் அவர். பஸ் ஹோர்னும் இல்லை. தாழ்வாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் போய் நின்று அழுவதுபோல் இழுத்தது. பனிக்குள் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கீழேயிருந்து வந்தது, மேலேயிருந்தும் வந்தது. ஒருமுறை நின்றது. மறுபடி ஏறியது.

சசிகரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதலில் அவருக்கு வந்தது பயமல்ல, சந்தோஷம்.

"ஆண்டவரே" என்று கைகளை உயர்த்தி, கண்களை மூடி நின்றார்.

சத்தம் ஓய்ந்தது. மரங்களிலிருந்து நீர் சொட்டியது. அவர் நின்றுகொண்டேயிருந்தார். கால் சேற்றுக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்தது. கணுக்காலில் ஏதோ ஊர, கண்ணைத் திறந்து பார்த்தார். ஓர் அட்டை இரத்தம் குடித்து உருண்டிருந்தது.

இன்னும் மண்ணில்தான் நிற்கிறோம் என்பது உறைத்தது. அப்போதுதான் பயம் வந்தது.

கையை இறக்கிவிட்டு வேகமாக நடந்தார். 'ஏதாவது லொறியாக இருக்கும்' என்று சொல்லிக்கொண்டார். காடு முடியும் இடத்தில் தோட்டத்து மயானம். அதற்குள்ளால்தான் பாதை. எத்தனையோ பேரை அவரே அங்கு அடக்கம் செய்திருக்கிறார். போன வருஷம் டெங்கு வந்து செத்துப்போன லோஜனாவையும் அங்குதான் புதைத்தார்கள். சபையில் பாட்டை எடுத்துக் கொடுத்த பிள்ளை அவள்.

லோஜனாவின் கல்லறை திறந்திருந்தது.

மண் நீளவாக்கில் பிளந்து, ஒரு பக்கம் உள்ளே இறங்கிக் கிடந்தது. மரச் சிலுவை முகங்குப்புற விழுந்திருந்தது. பிளவு அந்த ஒரு கல்லறையோடு நிற்கவில்லை. அடுத்ததிலும் அதற்கடுத்ததிலும் மண் வாய் பிளந்திருந்தது. சசிகரன் குனிந்தார். உள்ளே இருட்டு. ஈர மண் வாடை முகத்தில் அடித்தது. பெட்டி இருக்கிறதா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தால் தெரிந்திருக்கும். அவர் குனியவில்லை.

கிறிஸ்துவுக்குள் செத்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்று அவளை அடக்கம் செய்த அன்று அதே இடத்தில் நின்று பிரசங்கம் செய்தவர் அவர்தான். மிச்சத் தூரத்தை ஓடியே கடந்தார்.

லயம் பனிக்குள்ளிருந்து தெரிந்தது. கூரைகளின் மேல் அடுப்புப் புகை படிந்திருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. "யாரு இருக்கீங்க?" என்று சத்தம் போட்டார்.

கதவுகள் திறந்து கிடந்தன. முதல் வீட்டுக் காம்பராவில் பாதி பிசைந்த ரொட்டி மாவு. அடுத்ததில் சேலையில் கட்டிய தொட்டில், அதற்குள் ஒரு சின்னத் தொப்பி மட்டும். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் யாரோ சோப்புப் போட்ட துணி அப்படியே கிடந்தது. பீலியில் தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக ஊற்றியது. நாய்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வரிசையாக நின்றன. அவரைக் கண்டு ஒன்றும் குரைக்கவில்லை. எல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

தன் காம்பராவுக்குள் நுழைந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடி தட்தட்டென்று ஆடியது. கஞ்சி வழிந்து நெருப்பில் சீறியது.

"அஜிதா!"

மனைவியின் செருப்பு வாசலில் இருந்தது. அவள் ஜெபத்துக்குப் போடும் வெள்ளை முக்காடு கொடியில் தொங்கியது. பின்பக்கம் போய்ப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். பிறகு, ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே, சோற்றுப் பானையைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தார்.

வெளியே வந்து மற்றக் காம்பராக்களையும் பார்த்தார். சபையாட்களின் வீடுகளில் ஆளில்லை. முருகன் படமும் மாரியம்மன் படமும் மாட்டியிருந்த வீடுகளிலும் ஆளில்லை. விளக்கு எரிந்த ஒரு சாமிப் படத்துக்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். இவர்கள் போகமாட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கடைசி மூச்சில் கூப்பிட்டிருப்பார்களோ? கூப்பிட்ட எல்லாரையும் எடுத்துக்கொண்டு, பாஸ்டரை மட்டும் விட்டுவிட்டாரோ?

சபைக்குள் போனார். பலிபீட மேடையிலிருந்து வாசல்வரை சீமெந்துத் தரை வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் ஓரத்தில் முழங்கால் போட்டார்.

"ஏன் ஆண்டவரே? நான் என்ன செய்யல?"

விட்ட வேலையைச் சொன்னார். இருந்த உபவாசங்களைச் சொன்னார். மழையிலும் பனியிலும் நடந்த ஊழியத்தையும், ஞானஸ்நானத்துக்குப் பிறகு தொடாத குடியையும் சொன்னார். சொல்லச் சொல்ல, தன் குரல் சம்பளம் கேட்கிறவனின் குரல்போல அவருக்கே கேட்டது. பாதியில் வாய் நின்றுவிட்டது. கிருபை என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, தான் இத்தனை வருஷமும் எதன்மேல் காலூன்றி நின்றோம் என்று அந்த வெறுமையான சபைக்குள் அவருக்குத் தெரிந்தது.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

டொக், டொக், டொக். லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து வந்தது. பலகையில் எதையோ வைத்துத் தட்டுவது போலிருந்தது. நின்றது. திரும்பவும் தட்டியது.

அது சிவராசாவின் காம்பரா. சிவராசா தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர், முரட்டு ஆள். மனைவி சந்திரவதனா சபைக்குப் போகத் தொடங்கியபோது, நடுக்கூட்டத்தில் புகுந்து மேளத்தைத் தூக்கி வெளியே எறிந்தவர். சில மாதங்களில் பாரிசவாதம் அடித்து, பேச்சும் போய், படுக்கையில் விழுந்தார். "ஆண்டவரோட மோதினா இப்படித்தான்" என்று சபையில் பேச்சு எழுந்தது. சசிகரன் அதை மறுக்கவில்லை. பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் ஒருமுறை அதைப் பயன்படுத்தவும் செய்தார். அதன் பிறகு சந்திரவதனா சபைக்கு வரவில்லை.

கதவைத் தள்ளினார். ஜன்னல் சாத்தியிருந்ததால் உள்ளே அரையிருட்டு. சிவராசா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கம்பளி கழுத்துவரை போர்த்தியிருந்தது. கண்கள் மட்டும் விரியத் திறந்திருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தம்ளர் உருண்டு கிடந்தது.

"அண்ணே... நீங்களுமா?"

சிவராசாவின் கண்கள் அவரைப் பார்த்தன, பிறகு பின்சுவரைப் பார்த்தன. திரும்ப அவரை, திரும்பச் சுவரை. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. மேலே போனவர்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று சசிகரன் நினைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்க அண்ணே. என் சம்சாரமும் போயிருச்சி. நாம ரெண்டு பேருந்தான் மிச்சம்."

முனகல் பெரிதானது.

"நீங்க விழுந்தப்ப, ஆண்டவர் குடுத்த அடின்னு சனங்க சொன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு அது நல்லா இருந்திச்சி. நீங்க வருத்தமா விழுந்து கெடக்கிறதக் காட்டி மத்தவங்கள பயமுறுத்தினேன். அடி விழ வேண்டிய ஆள் நான்தான்."

சிவராசாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. கோபமா, பயமா, தெரியவில்லை. சசிகரன் கம்பளியின் மேல் கைவைத்து, சபைக்கு முதன்முதலாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஜெபத்தைத் தனக்காகச் சொன்னார்.

"ஆண்டவரே, நான் பாவி. காட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. நீங்க சிலுவையில செஞ்சது மட்டும்தான் இருக்கு. அத நம்பித்தான் கேக்கிறேன். பிந்திப்போச்சின்னாலும் கேக்கிறேன். என்னையும் இந்த அண்ணனையும் தள்ளிறாதீங்க."

தலையை நிமிர்த்தியபோது, சிவராசா பார்த்துக்கொண்டிருந்த சுவரை அவரும் பார்த்தார். சுவரின் அடியிலிருந்து சேறு கசிந்து, தரையில் நாக்கு நீட்டியதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே, மலைக்குள், பெரிய மரமொன்று வேரோடு முறிகிற சத்தம் கேட்டது. வெளியே நின்ற நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி ஓடின.

சசிகரன் அதற்குமேல் யோசிக்கவில்லை. சிவராசாவை இழுத்து முதுகில் போட்டு, கொடியில் கிடந்த சேலையால் தன்னோடு சேர்த்துக் கட்டினார். அந்த மனிதரின் கால்கள் தரையில் இழுபட்டன. தலை பாஸ்டரின் தோளில் விழுந்து கிடந்தது. தேயிலைக்குள் விழுந்து எழும்பி, படிக்கட்டில் சறுக்கி, பனிக்குள் எது பாதை என்று தெரியாமல் இறங்கினார். காதருகில் அந்த முனகல் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

வளைவில் ஆட்களின் உருவம் தெரிந்தது. ஸ்ட்ரெச்சரோடு, பட்டாள உடுப்பில் ஆமிக்காரர்கள் சிலர். அவர்களுக்கு முன்னால் தலைவிரி கோலமாக ஓடி வந்தது சந்திரவதனா.

சசிகரன் அப்படியே நின்றுவிட்டார். "அக்கா, நீங்களும் போகலியா?"

"எங்க போறது பாஸ்டர்? அவர விட்டுட்டு எங்க போவேன்?" என்று அவள் கத்தினாள். "புள்ளைகள லொறியில ஏத்திட்டு ஸ்ட்ரெச்சர் கேட்டு ஓடினேன். சங்கு ஊதி எல்லாத்தையும் எறக்கிட்டாங்க. மலை வெடிச்சிருக்காம்! ஓடுங்க!"

அவர்கள் தார் ரோட்டை எட்டியபோது பின்னால் அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி ஒரே அடியாக இல்லை. மிகப் பெரிய ஏதோ ஒன்று நீளமாக மூச்சு விட்டதுபோல் இருந்தது. பனியில் ஒன்றும் தெரியவில்லை. காற்று மட்டும் சேற்று வாடையோடு வந்து முகத்தில் மோதியது. லயம், சபை, மயானம் எல்லாம் அந்த ஒரு மூச்சில் போய்விட்டன. ஆட்கள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

அன்று மாலை எல்லாரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நடந்தது என்னவென்று அங்கேதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது. மயானத்துக்குக் கீழே மண் வெடித்திருப்பதைக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். கிராம சேவகரும் ஆமியும் கையால் சுற்றும் ஒரு சங்கோடு வந்து, போட்டது போட்டபடி எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள்.

அஜிதா வகுப்பறை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். காலில் யாரோ கொடுத்த பெரிய சப்பாத்து. சசிகரன் அவளுடைய கையைத் தொட்டார், விட்டார், திரும்பத் தொட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னைய எடுத்துக்கிட்டாங்கன்னா நெனச்சீங்க?" என்று அஜிதா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "நீங்க குறுக்குப் பாதையில வருவீங்கன்னு தெரியும். திரும்பிப் போறேன்னு குதிச்சேன், விடல. லொறியில இருந்து மலையப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்கதான் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

சந்திரவதனா தேத்தண்ணி கொண்டுவந்தாள். சிவராசாவை ஏற்கெனவே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"கடைசிக் காம்பராவுல அவரு இருக்காருன்னு எப்படிங்க தெரிஞ்சிச்சி? சொல்ல அங்க ஒருத்தரும் இருக்கலியே" என்று கேட்டாள்.

"தட்டினாரே அக்கா. தம்ளரால."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடியே நின்றாள்.

"யாரு தட்டினது?"

"அண்ணன்தான்."

"அவருக்கு ரெண்டு கையும் வராது பாஸ்டர். மொத தடவ ஒரு பக்கம், தை மாசத்துல மத்தப் பக்கம். ஈ உக்காந்தாக்கூட நான்தான் விரட்டணும்."

பக்கத்து வகுப்பறையில் ஒரு குழந்தை இருமியது. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவர்கள் யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் ஆராதனை நடந்தது. வழக்கமாக வராதவர்களும் வந்து பின்னால் நின்றார்கள். ஒரு உயிரைக் காப்பாற்ற ஆண்டவர் பாஸ்டரை அனுப்பினார் என்ற கதை அதற்குள் முகாம் முழுக்கப் பரவியிருந்தது. சாட்சி சொல்லச் சொன்னார்கள்.

சசிகரன் எழுந்து நின்றார். "நான் யாரையும் காப்பாத்தப் போகல" என்றார். "எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டு, நான் கைவிடப்பட்டேன்னு நெனச்சேன். அப்ப என் ஊழியத்தையெல்லாம் எடுத்து நீட்டினேன். ஒண்ணும் நிக்கல. இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொன்னத நானே நம்பலன்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சிச்சி. இயேசு எனக்காகச் செத்தாரு, அது போதும். அத நான் அன்னைக்கித்தான் ஏத்துக்கிட்டேன்னு நெனைக்கிறேன்."

முன்வரிசையில் இருந்த மூத்த விசுவாசி ஒருவர் முகம் கறுத்து எழுந்தார். "அப்ப இவ்வளவு காலமும் எங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். அவரோடு இன்னும் சிலரும் போனார்கள். அவர்களில் பலர் திரும்பவும் சபைக்கு வரவில்லை. பின்னால் நின்றவர்களில் சிலர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த நாள் அவர் மாத்தளைக்குப் போனார். சிவராசா வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். சந்திரவதனா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் கேட்க, சசிகரன் மன்னிப்புக் கேட்டார். காம்பராவில் சொன்னதையே சொன்னார்.

சிவராசா அவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"என்ன நெனைக்கிறாருன்னு எனக்கே வெளங்காது" என்றாள் சந்திரவதனா. "இந்தக் கஞ்சிய நீங்க குடுத்துப் பாருங்க. குடிச்சாருன்னா சரி."

சசிகரன் கரண்டியை வாங்கினார். முதல் கரண்டி உதட்டோரம் வழிந்தது. இரண்டாவதைச் சிவராசா விழுங்கினார்.

இப்போது சசிகரனும் அஜிதாவும் பலாபத்வலையில், பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மலையும் பனியும் அங்கிருந்து தூரம். இரவும் பகலும் லொறிகள் ஓடும் சத்தம். சபை அந்த வீட்டின் முன்னறையில் கூடுகிறது. சசிகரன் முன்னைவிட மெதுவாகப் பேசுகிறார், ஆண்டவர் வருவார் என்பதை இப்போதும் சொல்கிறார். ஆனால் வெளியே போய்விட்டு வீட்டுக்கு வரும்போது, வாசலில் நின்று ஒருமுறை "அஜிதா" என்று கூப்பிடுவார். உள்ளேயிருந்து "இருக்கேங்க" என்று குரல் வந்தபிறகுதான் படியேறுவார்.